அம்பாசிடரில் ஓர் உதறல்

பேகம்பூர் நஸீராவுக்கு அறுபத்தொரு வயதில் இடுப்பு மூட்டுதான் பழுதானது. காது பழுதாகவில்லை. தம் போட்ட தேக்சாவின் மூடியில் கரண்டிக் காம்பை ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்தாள் என்றால், உள்ளே அரிசி எந்தப் பக்குவத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். "இன்னும் ஏழு நிமிசம். அதுக்குள்ள மூடியைத் தொட்டா கையை ஒடிச்சிருவேன்" என்பாள். ஏழாவது நிமிடம் அந்தச் செம்பு அண்டாவைத் திறந்தால் சீரகச் சம்பா உதிரி உதிரியாக நிற்கும். திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் கல்யாண வீட்டுக்காரர்கள் அவள் செய்யும் பிரியாணியை மட்டும் கேட்பதில்லை, அவளையும் கேட்பார்கள். "நஸீராம்மா பந்தல்ல நிக்கணும்" என்று சொல்லித்தான் தேதியே குறிப்பார்கள்.

அந்தப் பந்தலுக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

மூட்டு மாற்றி அனுப்பிய மதுரை டாக்டர், தாழ்வான எதிலும் உட்காரக் கூடாது, குனிந்து எழக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மகன் அயாஸ் வைத்திருந்த புதுக் கார் தரையோடு தரையாகக் கிடக்கும். அதில் ஏறுவதும் பாயில் படுப்பதும் ஒன்றுதான். நஸீரா ஏறக்கூடிய வண்டி வீட்டில் ஒன்றே ஒன்று. புருஷன் சௌகத் அலி இருபத்தைந்து வருஷமாக ஓட்டும் வெள்ளை அம்பாசிடர். அதன் பின் சீட் நாற்காலி உயரம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் கொஞ்சம் குனிந்து ஏறினாள். மறு வாரமே குனியாமல், முதுகு வளையாமல், ராணி மாதிரி ஏறி உட்கார்ந்தாள். "பாருங்க, மூட்டு எம்புட்டு நல்லா செட்டாயிருச்சு" என்று தெருவுக்கே சொன்னாள். அதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

அந்தப் பெருமைக்குக் கண் பட்டது போல வண்டிக்குள் ஒரு சத்தம் வந்து சேர்ந்தது.

வேகம் முப்பதைத் தாண்டினால் தரைக்கு அடியிலிருந்து கிரைண்டர் ஓடுகிற மாதிரி ஒரு ரீங்காரம். நாற்பதில் அது உதறலாக மாறிப் பின் சீட்டுக்கு ஏறும். சீட்டிலிருந்து நேராக அந்தப் புது மூட்டுக்கு. எரியோட்டுக் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய பிறகு நஸீரா இரண்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை. அதற்கப்புறம் வந்த கல்யாணமெல்லாம் திண்டுக்கல்லுக்குள்ளேயே இருந்ததால் ஊர்ந்து போய்ச் சமாளித்தாள். வெளியூருக்கும் முப்பதுக்குள்ளேயே ஓட்டலாமே என்பீர்கள். முப்பதில் ஓட்டினால், சம்பந்தி வீட்டார் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் பந்தலுக்குப் போய்ச் சேரலாம்.

ஞாயிற்றுக்கிழமை நத்தத்தில் கல்யாணம். ஆயிரத்து இருநூறு பேர். அயாஸ் திங்கட்கிழமையே அம்மா முன்னால் வந்து உட்கார்ந்தான். முப்பத்திரண்டு வயதுக்காரன், ஆர்டர் பிடிப்பதிலும் ஆட்களை மேய்ப்பதிலும் கெட்டிக்காரன். அரிசியின் பேச்சு மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை.

"அம்மா, நத்தத்துக்கு நான் போறேன். நீங்க வீட்ல இருந்தே போன்ல சொல்லுங்க. நான் தம்மை எறக்கிக்கிறேன்."

"போன்ல சத்தம் கேட்டு தம் எறக்கப்போறியா?"

"உங்க இடுப்பை நெனைச்சுத்தான் சொல்றேன். அந்த வண்டியில போயி திரும்ப ஒடிஞ்சா என்ன பண்றது?"

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் சிக்கல். பந்தலை ஒரு தடவை விட்டுக் கொடுத்தால் அது திரும்பி வராது. அடுத்த கல்யாணத்துக்கு, "அம்மாவுக்கு முடியலையாம்ல, மகனையே அனுப்புங்க" என்பார்கள். அதற்கப்புறம் சோபாவும் டிவியும்தான். அவள் பயந்தாள், ஆனால் பயத்தை முகத்தில் காட்டுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. "ஞாயித்துக்கிழமைக்குள்ள சத்தம் நின்னா நான் போறேன். நிக்காட்டி நீ போ" என்று ஒரே வாக்கில் முடித்தாள். அயாஸ் சம்மதித்தான். சத்தம் நிற்காது என்று அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அவன் நம்பிக்கைக்கும் காரணம் இருந்தது. அதற்குள் மூன்று மெக்கானிக்குகள் பார்த்து முடித்திருந்தார்கள். ஒருவர் இன்ஜினைத் தாங்கும் ரப்பரை மாற்றினார். இன்னொருவர் நாலு சக்கரத்துக்கும் ஈயக்கட்டி ஒட்டிச் சமன் பார்த்தார். மூன்றாமவர், இன்ஜினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் நீள ஷாஃப்ட்டின் இணைப்புகளை மாற்றிவிட்டு, அப்படியும் சத்தம் நிற்காததைக் கண்டு, "ரோடு சரியில்லம்மா" என்றார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று நஸீரா அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை நான்காவது ஆளிடம் போனார்கள். நத்தம் ரோட்டில் பட்டறை வைத்திருந்த ஸ்டீபன்ராஜ். கிளம்பும்போது சௌகத் அலிக்கு மனசே இல்லை. அவர் சாதுவான மனுஷர், மனைவி சொல்லை மீறியது கிடையாது. அன்றைக்கு மட்டும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எதுக்கும்மா இன்னொருத்தன்? வண்டிக்கு வயசாச்சு. அங்கங்க சத்தம் வரத்தான் செய்யும்."

"வயசைப் பத்தி எங்கிட்டப் பேசாதீங்க" என்றாள் நஸீரா.

அந்தப் பேச்சு அந்த வீட்டில் தடை செய்யப்பட்ட பேச்சு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் சௌகத் அலி ஆசையாக ஒரு நாலுகால் வாக்கர் வாங்கி வந்திருந்தார். நஸீரா அதை ஒரு பார்வை பார்த்தாள். சாயங்காலத்துக்குள் அது பள்ளிவாசலுக்குத் தானமாகப் போய்விட்டது. "என்னைக் கெழவியாக்கிப் பாக்காதீங்க. யாரும் என்னைத் தாங்க வேணாம்" என்று அன்று சொன்னதிலிருந்து, அவள் நடக்கும்போது பின்னால் கை நீட்டக்கூட சௌகத் அலிக்குத் துணிச்சல் வரவில்லை.

ஸ்டீபன்ராஜ் பானெட்டைத் திறக்கவே இல்லை. முதலில் கேள்வி கேட்டார். "அம்மா, சத்தம் எப்ப வருது? எப்ப வரலை? அதை மட்டும் சொல்லுங்க." நஸீராவுக்கு ஆளை உடனே பிடித்துப்போயிற்று. தம் பார்க்கிறவன் கேட்கிற கேள்வி அல்லவா அது.

பிறகு மூவரும் சாணார்பட்டி வரை ஓட்டிப் பார்த்தார்கள். நாற்பத்தைந்தில் போகும்போது ஸ்டீபன்ராஜ் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். இன்ஜின் சத்தம் தணிந்தது, உதறல் தணியவில்லை. "அப்ப இன்ஜின் இல்லை" என்றார். ஓரமாக நிறுத்தி, நின்ற இடத்திலேயே இன்ஜினை முறுக்கினார். உதறல் இல்லை. பட்டறைக்குத் திரும்பி முன் சக்கரத்தைப் பின்னுக்கும் பின் சக்கரத்தை முன்னுக்கும் மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டினார். அதே உதறல், அதே இடத்தில். "சக்கரமும் இல்லை. கியர் பாக்ஸுக்கும் பின் அச்சுக்கும் நடுவுலதான் என்னமோ இருக்கு."

ஒவ்வொரு "இல்லை"யிலும் நஸீராவுக்குத் தெம்பு ஏறியது. சௌகத் அலியோ ஒவ்வொன்றுக்கும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

ஸ்டீபன்ராஜ் வண்டிக்கு அடியில் இருந்த சர்வீஸ் பள்ளத்தில் இறங்கி, டார்ச் அடித்து, வெகுநேரம் பார்த்தார். சௌகத் அலியும் பள்ளத்தின் விளிம்பில் குந்தி ஏதோ சொன்னார். காற்றடிக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் நாற்காலியில் இருந்த நஸீராவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டீபன்ராஜ் மேலே ஏறி வந்து கையைத் துடைத்தார்.

"வெளியில ஒண்ணும் தப்பாத் தெரியலம்மா. கியர் பாக்ஸைப் பிரிச்சுத்தான் பாக்கணும். சாமான் கோயமுத்தூர்ல இருந்து வரணும். பத்து நாள் ஆயிரும்."

பத்து நாள் என்றால் நத்தம் கைவிட்டுப் போயிற்று. அயாஸிடம் சௌகத் அலிதான் சொன்னார். அயாஸ் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஜெயித்த மாதிரி எதுவும் காட்டாமல், நத்தத்துக்காரர்களிடம் போனில் தணிந்த குரலில் பேசினான். நல்ல பிள்ளைதான். அந்த நேரத்தில் அவன் கொஞ்சம் கெட்ட பிள்ளையாக இருந்திருந்தால் நஸீராவுக்குச் சண்டை போடவாவது வசதியாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் ஒரு சிறு குழப்பம். வழக்கமாகத் தேக்சா, விறகு, அரிசி எல்லாமே குட்டியானைச் சரக்கு வண்டியில் முந்திக்கொண்டு போய்விடும். இந்தத் தடவை குட்டியானைக்காரன் அரிசியை ஏற்றாமலேயே நத்தத்துக்குக் கிளம்பிவிட்டான். நாகல் நகர்க் கடையில் ஆறு மூட்டை சீரகச் சம்பா கிடந்தது. மூட்டைக்கு இருபத்தாறு கிலோ. நஸீரா தானே வருவதாகச் சொன்னாள். பந்தல் போனாலும் அரிசியை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கும் உரிமை இன்னும் போகவில்லையே.

கடைத்தெரு நெரிசலில் முப்பதுக்கு மேல் போக வழியில்லாததால் உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆறு மூட்டையையும் டிக்கியில் அடுக்கிக்கொண்டு, நெரிசலைத் தவிர்க்கப் பைபாஸ் வழியாகத் திரும்பினார்கள். பைபாஸில் வண்டி ஐம்பதைத் தொட்டபோது நஸீரா பல்லைக் கடித்துக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தாள். வலி வரவில்லை.

"நிறுத்தாதீங்க" என்றாள். "இன்னும் அழுத்துங்க."

"எதுக்கும்மா?"

"அழுத்துங்கன்னா."

அறுபது. தரைக்கு அடியில் ரீங்காரம் இல்லை. சீட் அமைதியாக இருந்தது. சன்னல் வழியாகக் காற்றுச் சத்தம்தான் கேட்டது. நஸீரா உள்ளங்கையைச் சீட்டில் பதித்துப் பார்த்தாள், குனிய முடியாததால் காலைத் தரையில் அழுத்திப் பார்த்தாள். எங்கேயும் ஒன்றுமில்லை. நான்கு மாதமாக உதறிய வண்டி ஆறு மூட்டை அரிசியை ஏற்றியதும் வாயை மூடிக்கொண்டிருந்தது.

வீட்டு வாசலில் மாயம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வருஷமாக நஸீராவின் சமையல் கோஷ்டியில் இருப்பவள், ஒரு மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கக் கூடியவள். நஸீரா வண்டியை விட்டு இறங்காமலே கட்டளை போட்டாள். ஆறையும் இறக்கச் சொன்னாள். பைபாஸ் வரை புருஷனை ஓட்டச் சொல்லிப் பார்த்தாள். உதறல் வந்தது. திரும்பி வந்து மூன்றை ஏற்றச் சொன்னாள். உதறல் பாதியாகக் குறைந்தது. மறுபடி ஆறு. உதறல் போயிற்று.

"அக்கா, ஏத்தவா எறக்கவா, ஒரு முடிவுக்கு வாங்க" என்றாள் மாயம்மாள். "எனக்கும் இடுப்பு ஒண்ணுதான் இருக்கு."

நஸீராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு நாளில் முதல் சிரிப்பு. தேக்சாவைத் திறக்காமலே உள்ளே இருப்பது தெரிந்த மாதிரி ஒரு தெளிவு அவளுக்குள் வந்திருந்தது. கியர் பாக்ஸ் கெட்டிருந்தால் அது அரிசி மூட்டைக்குப் பயந்தா சும்மா இருக்கும்? சுமை ஏற்றினால் வண்டியில் மாறுவது ஒன்றே ஒன்று. பின்பக்கம் கீழே இறங்கும். அப்படியானால் சுமை இல்லாதபோது பின்பக்கம் இருக்க வேண்டியதை விட உயரமாக இருக்கிறது. எரியோட்டுக்கு முன்னால் இல்லாத உயரம் எங்கிருந்து வந்தது?

யோசித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது சத்தம் இல்லை. எரியோட்டுக்குப் போனபோது சத்தம். நடுவில் அவள் இல்லாமல் வண்டி ஒரே ஒரு நாள்தான் வெளியே போனது. சௌகத் அலி வாட்டர் சர்வீஸ் என்று சொல்லி எடுத்துப் போனார். பகல் முழுக்கப் போய்விட்டு, போனதை விட அதிக அழுக்கோடு திரும்பி வந்தது வண்டி. மாத்திரை மயக்கத்தில் படுத்திருந்த நஸீரா அதைக் கவனித்தாள், கேட்கத்தான் தெம்பில்லை.

அன்று ராத்திரி அவள் புருஷனிடம் எதுவும் கேட்கவில்லை. காலையில், ஆறு மூட்டையோடு வண்டியை ஸ்டீபன்ராஜிடம் விடச் சொன்னாள். சௌகத் அலி திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயைத் திறக்காமல் ஓட்டினார்.

நஸீரா சொன்னதைக் கேட்ட ஸ்டீபன்ராஜ் தலையில் அடித்துக்கொண்டார். அங்கேயே மூட்டைகளை இறக்கி, பள்ளத்தில் இறங்கி, நாடாவைப் பிடித்து அளந்தார். ஏறி வந்து ஒரு கையைச் சாய்வாக நீட்டிக் காட்டினார்.

"ஷாஃப்ட் இப்படி லேசான சாய்வுல சுத்தணும்மா. பின்னாடி தூக்கிருச்சுன்னா சாய்வு கூடிப்போகும். ஒவ்வொரு சுத்துக்கும் இழுத்து இழுத்து விடும். அதான் உதறல். சுமை ஏறுனா சாய்வு சரியாயிருது." பிறகு சௌகத் அலி பக்கம் திரும்பினார். "பாய், பின் வில்லுப் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவுல ரெண்டு இஞ்சுக்கு இரும்புக் கட்டை இருக்கு. முந்தாநாளு கேட்டதுக்கு, வண்டி வாங்குனப்பவே இருந்துச்சுன்னு சொன்னீங்க. பழைய கட்டைன்னா அதனால இப்ப புதுசா எப்படிச் சத்தம் வரும்னு நானும் விட்டுட்டேன். கிரீஸைத் தொடைச்சுட்டுப் பாத்தா போல்ட்டு மறையெல்லாம் பளபளன்னு புதுசா இருக்கே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த மனுஷர் தலையைக் குனிந்துகொண்டார். பட்டறையில் வேலை பார்த்தவர்கள் கூட ஸ்பேனரை நிறுத்திவிட்டார்கள்.

"பழனி ரோட்டு வில்லுப் பட்டைக் கடையில வச்சேன்" என்றார் சௌகத் அலி, மனைவியைப் பார்க்காமல். "ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்ப நீ வண்டியில ஏறக் குனிஞ்ச. ஒம்மூஞ்சி சுண்டிப்போச்சு. சத்தம் போடலை, ஆனா நான் பாத்தேன். ரெண்டு இஞ்சு ஒசந்தா குனிய வேணாம்னு தோணுச்சு. சொன்னா நீ ஏறவே மாட்ட. அதான் சொல்லலை. சத்தம் இதுலருந்துதான் வருதுன்னு அல்லா மேல ஆணையா எனக்குத் தெரியாது."

நஸீராவுக்குக் கோபம் வந்தது. அதை விட அதிகமாக வெட்கம் வந்தது. மூட்டு செட்டாகிவிட்டது என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டாளே, அவளைக் குனியாமல் ஏற்றிவிட்டது மூட்டு இல்லை, அந்த இரும்புக் கட்டை. நான்கு மாதமாகத் தாங்கப்பட்டுக்கொண்டே, யாரும் என்னைத் தாங்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள். அவள் பீற்றியபோதெல்லாம் இந்த மனுஷர் பக்கத்தில் நின்று, "ஆமா, நல்லா செட்டாயிருச்சு" என்று தலையாட்டியிருக்கிறார். அந்தத் தலையாட்டலை நினைத்தபோது கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

"கவலைப்படாதீங்கம்மா, ஒரு மணி நேரத்துல கட்டையை உருவிருவேன்" என்றார் ஸ்டீபன்ராஜ். "இல்ல, கட்டை இருக்கணும்னா அச்சுக்கு அடியில சாய்வா ஆப்பு கடைஞ்சு வைக்கலாம். லேத்துக்காரர் திங்கக்கிழமைதான் வருவாரு."

"உருவிரு தம்பி" என்றார் சௌகத் அலி அவசரமாக. "நாளைக்கு அவ நத்தம் போகணும்."

"யாரும் தொடக் கூடாது" என்றாள் நஸீரா.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"இனிமே அரிசி குட்டியானையில போகாது. என் வண்டியிலதான் வரும். பின்ன, அரிசியை என் கண்ணு முன்னாடி வச்சுக்கிறதுதானே மொறை?"

அயாஸுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவன் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தான். "சுமை ஏத்துனா வண்டி எறங்கிருமேம்மா. அப்ப நீங்க குனிஞ்சுதானே ஏறணும்?"

"மூட்டை ஏறுன பெறகு நான் ஏறுறதா யாருலே சொன்னா? நான் ஏறி உக்காந்த பெறகு மூட்டையை ஏத்து. போன எடத்துல மூட்டையை எறக்குன பெறகு நான் எறங்குறேன். திரும்பி வர்றப்ப என்ன அவசரம், முப்பதுல வந்தாப் போதும்."

அயாஸ் சிரித்துவிட்டு, நத்தத்துக்காரர்களுக்கு மறுபடி போன் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நஸீரா நிமிர்ந்தபடி வண்டியில் ஏறினாள். மாயம்மாள் ஆறு மூட்டையையும் டிக்கியில் அடுக்கினாள். பின்பக்கம் மெல்ல அமர்ந்தது. வண்டி சாணார்பட்டி, கோபால்பட்டி எல்லாவற்றையும் அறுபதில் கடந்தது. நஸீரா சீட்டில் கை வைத்துப் பார்க்கக்கூட இல்லை. அவளுக்குத் தெரியும்.

நத்தம் மண்டபத்தில் வண்டி நின்றதும் மாப்பிள்ளையின் அத்தா, சொந்தக்காரர்கள், அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த ஆட்கள் என்று பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் ஓடிவந்து கதவைத் திறந்து, "வாங்கம்மா, எறங்குங்க" என்றார்.

"மொதல்ல மூட்டையை எறக்குங்க" என்றாள் நஸீரா.

அத்தனை பேருக்கு முன்னால் அவள் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். பெரியவளுக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று யாரோ முணுமுணுத்தது அவள் காதில் விழாமல் இல்லை. விழட்டும் என்று இருந்தாள். ஒவ்வொரு மூட்டையாக இறங்க இறங்க வண்டி அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கியது. ஆறாவது மூட்டையும் போனதும் சௌகத் அலி மெல்ல வந்து கதவோரம் நின்றார். கை நீட்டவில்லை. நஸீரா இரண்டு காலையும் தரையில் வைத்து, முதுகு வளையாமல் எழுந்து நின்றாள்.

நின்றவள் உடனே பந்தலுக்கு நடக்கவில்லை. பின் சக்கரத்துக்கு மேலே இருந்த இடைவெளியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இன்னும் ஒரு வெரக்கடை ஒசரம் கூட வச்சிருக்கலாம்."

சௌகத் அலிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண் கலங்கிப்போயிற்று. "சத்தம் வருமேம்மா" என்றார்.

"வரட்டும். இன்னும் ரெண்டு மூட்டை கூட ஏத்திக்கிட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, கரண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு பந்தலுக்குள் போனாள்.